ஜோஷ் கிப்சனை 1947 ஜனவரியில சாகவிடணுமா? எங்க பேஸ்பால் கேம் லீக்ல சண்டை

ஐஸ்கணக்கு (பாம்பன்):

தடைக்காலம் ஓடிக்கிட்டிருக்கு. ஏப்ரல் 15-ல கட்டிப்போட்ட விசைப்படகு ஜூன் 14 வரைக்கும் அசையாது, 61 நாள். நான் ஐஸ் பிளான்ட்ல கணக்கு எழுதுறவன். மத்த மாசத்துல கடலுக்குப் போக டோக்கன் குடுக்குற அன்னிக்கு விடிய விடிய ஐஸ் பார் இறங்கும், சோறு திங்க நேரம் இருக்காது. இப்போ நாட்டுப்படகுக்காரங்க மட்டும் வந்து நாலு பாரை உடைச்சு வாங்கிட்டுப் போறாங்க. கம்ப்ரெஸர் ஒண்ணுதான் ஓடுது. மேசையில லேப்டாப்பைத் திறந்து பேஸ்பால் மேனேஜர் கேம் ஆடிக்கிட்டு உக்காந்திருக்கேன். கேம் பேரு அவுட் ஆஃப் தி பார்க்.

சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு வாங்க. பேஸ்பால் மட்டையை நான் கையால தொட்டதுகூட இல்லை. எல்லாம் கீழக்கரைக் காக்கா பண்ணுன வேலை (எங்க பக்கம் அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவோம்). கப்பல்ல வேலை பார்த்த காலத்துல அமெரிக்காவுல பால்டிமோர்ல ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தார். பகடையும் சீட்டும் வெச்சு ஆடுறது, 1961-லிருந்து வருது. ஆளுக்கு ஒரு சீட்டு, அந்த வருஷம் அவன் நிஜமா என்ன ஆடுனானோ அதுதான் சீட்டுல எண்ணா இருக்கும். கீழக்கரையில அவர் வீட்டுத் திண்ணையில பகடை உருட்டி உருட்டித்தான் எனக்கு டபுள் பிளேன்னா என்னன்னு புரிஞ்சுது, ஒரே அடியில ரெண்டு பேர் அவுட்டாகுறது. பெறவு கம்ப்யூட்டருக்கு மாறிட்டோம்.

இப்போ நாங்க நாலு பேர், ஆளுக்கு ஒரு அமெரிக்க டீம். காக்கா பாஸ்டன் ரெட் சாக்ஸ். மண்டபத்து மாப்ள வாஷிங்டன். தேவிபட்டினம் டீச்சர் யாங்கீஸ். நான் கிளீவ்லாண்ட், கூடவே லீக்கை நடத்துற கமிஷனர் வேலையும் என் தலையில. மிச்ச டீமை கம்ப்யூட்டர் பார்த்துக்கும். 1941 சீசன்ல தொடங்குனோம். வீரனோட திறமையை வருஷா வருஷம் அவனோட நிஜக் கணக்கை வெச்சு கேமே திருத்திக்கும். யாரை வாங்குறது, யாரை விக்கிறது, யாரை எந்த இடத்துல இறக்குறதுன்றது நம்ம இஷ்டம். பாதி வரலாறு, பாதி நாம.

சண்டை எங்கேன்னா, இந்தப் பாதியோட கோடு எங்கே போகுதுன்றதுல.

முதல் பஞ்சாயத்து 1943-ல வந்துச்சு. காக்காவோட டெட் வில்லியம்ஸ். 1941-ல .406 அடிச்ச ஆள், அதாவது ஆயிரம் தடவைக்கு 406 ஹிட். நிஜத்துல 1943, 44, 45 மூணு சீசனும் போருக்குப் போயிட்டார். அதனால எங்க லீக்லயும் நான் கையால வெளியே உக்கார வெச்சேன். காக்கா ஒரு வார்த்தை பேசலை. மூணு வருஷம் கடைசி வரிசையில கெடந்தார்.

ரெண்டாவது பஞ்சாயத்துதான் இப்போ பெருசாயிருக்கு. அந்தக் காலத்துல அமெரிக்காவுல கறுப்பின வீரங்களைப் பெரிய லீக்ல சேர்க்க மாட்டாங்க, அவங்க தனியா நீக்ரோ லீக்ஸ்னு ஆடுனாங்க. எழுதி வெச்ச சட்டம் கிடையாது, முதலாளிங்களுக்குள்ள பேச்சு. மாப்ள தொடக்கத்துலயே கேட்டான்: "நான் வாஷிங்டன் முதலாளி. நான் ஏன் அந்தப் பேச்சைக் கேக்கணும்?" கேக்குறது நியாயம்தானேன்னு விட்டேன். கமிஷனர் மோட்ல அந்த நீக்ரோ லீக்ஸ்ல பெரிய அடிகாரரான ஜோஷ் கிப்சனைக் கையால செஞ்சு அவன் டீம்ல போட்டேன். சும்மா இருக்க முடியாம அங்க பந்து வீசுன சாட்சல் பெய்ஜை நான் எடுத்துக்கிட்டேன், அதையும் ஒத்துக்கிறேன்.

எங்க லீக்ல கிப்சன் ஆறு சீசன் ஆடிட்டான். மாப்ள டீமே அவன்தான். இப்போ 1947 ஜனவரியில நிக்கிறோம். நிஜத்துல கிப்சன் செத்தது 1947 ஜனவரி 20. வயசு 35. முதலாளிங்க பேச்சை உடைச்சு பெரிய லீக்குக்குள்ள வந்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு முதல் ஆட்டம் ஆடுனது அதே வருஷம் ஏப்ரல் 15. எண்ணிப் பார்த்தேன், நடுவுல 85 நாள். நம்ம ஊர்ல போட்டைக் கட்டுற தேதிக்குத்தான் அங்க கட்டவிழ்த்திருக்காங்க.

காக்கா சொல்றார், தேதி வந்ததும் கிப்சனை எடுத்துடணும்னு. மாப்ள சொல்றான், எடுத்தா லீக்கை விட்டே போயிடுவேன்னு. டீச்சர் யோசிச்சு எழுதுறேன்னாங்க. நான் ஜனவரி 19-ல சேவ் பண்ணி வெச்சுட்டு நாலு நாளா அடுத்த பட்டனைத் தட்டாம இருக்கேன். இந்த மாதிரி கேம் ஆடுறவங்க சொல்லுங்க, நீங்க எப்படிப் பண்ணுவீங்க?


உச்சிப்புளி99:

தடைக்காலத்துல தலையில வெயில் ஏறிடுச்சு போல. கிரிக்கெட் மேனேஜர் கேம் ஒண்ணுகூட கிடைக்கலையா அண்ணே?


ஐஸ்கணக்கு:

கிடைச்சது தம்பி. ஆடிப் பார்த்தேன். கிரிக்கெட்னா எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச கதை, எவன் எப்போ அவுட்டாவான்னு மனசு முன்னாடியே ஓடிடுது. இது தெரியாத கடல், அதான் இழுக்குது. நீ கிட்டிப்புள் ஆடியிருப்பேல்ல? புள்ளை அடிச்சிட்டு நிக்காம ஓடுறதா நெனச்சுக்கோ, முக்காவாசி பேஸ்பால் புரிஞ்சுடும்.


கீழக்கரைக்காக்கா:

தம்பி பேர் சொல்லி எழுதிட்டதால நானே வந்துட்டேன்.

நான் கேக்குறது ஒண்ணுதான். வரலாறு வேணாம்னா 1941-னு போட்டு எதுக்கு தொடங்குனோம்? இல்லாத பேரை வெச்சு இல்லாத ஊர்ல லீக் நடத்துற வசதியும் அந்த கேம்ல இருக்கு. போய் ஆடுங்க, யார் வேணாங்குறா. 1941-னு எழுதிட்டா அந்த வருஷத்தோட வெயிலும் மழையும் சேர்த்துத்தான் வாங்கணும்.

லூ கெரிக்கை எடுத்துக்கங்க. யாங்கீஸுக்கு விடாம 2,130 ஆட்டம் ஆடுனவர். 1939 மே 2 அன்னிக்கு அவரே மேனேஜர்கிட்ட போய் இன்னிக்கு என்னை எடுத்துடுங்கன்னு சொன்னார். தசையெல்லாம் செத்துப்போற நோய். 1941 ஜூன்ல மவுத். நாம லீக் தொடங்குனப்போ உயிரோட இருந்தார். டீச்சர்தான் யாங்கீஸ். அவங்க ஒரு நாளாவது, கெரிக்கைக் குணமாக்கி எங்கிட்ட குடுங்கன்னு கேட்டாங்களா? கேக்கலை. அது ஒரு மரியாதை.

வில்லியம்ஸ் விஷயத்துல நான் வாயைத் திறக்கலை. திறக்கிறதா இருந்தா திறந்திருக்கலாம். மூணு சீசன் போச்சு, அதுக்கப்புறம் கொரியாப் போர்ல இன்னும் ரெண்டு சீசன்ல முக்காவாசி போகும், அதுக்கும் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா எனக்கு ஒரு சட்டம், மாப்ளைக்கு ஒரு சட்டம்னா அது லீக் இல்லை, கல்யாண வீட்டுப் பந்தி.


மண்டபம்மாப்ள:

காக்கா, பந்தின்னதும் ஞாபகம் வந்துச்சு. உங்க பாஸ்டன் பந்தியில யார் யாரை உக்கார விட்டாங்கன்னு பேசுவோமா?

1945 ஏப்ரல் 16. ஜாக்கி ராபின்சனை பாஸ்டன் மைதானம் ஃபென்வே பார்க்குக்கே கூப்பிட்டு ஆடவெச்சுப் பார்த்தாங்க. கூட சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ்னு இன்னும் ரெண்டு கறுப்பின வீரங்க. பெறவு தகவல் சொல்லி அனுப்புறோம்னாங்க. அனுப்பவே இல்லை. பெரிய லீக்ல கடைசியா மனசு மாறுன டீம் உங்க ரெட் சாக்ஸ்தான், 1959-ல. அந்த வெயிலும் மழையும் சேர்த்து வாங்குறதா இருந்தா 1959 வரைக்கும் ஒருத்தரைக்கூட எடுக்காம ஆடுங்க. முடியுமா? போன வாரம்தான் எங்கிட்ட கறுப்பின கேட்ச்சர் ராய் கேம்பனெல்லாவைப் பத்தி விசாரிச்சீங்க, வாட்ஸப்ல இருக்கு, அழிக்கலை.

வாஷிங்டன் நிஜ முதலாளி கிளார்க் கிரிஃபித் அதைவிட மோசம். கிப்சன் ஆடுன ஹோம்ஸ்டெட் கிரேஸுக்கு அவரோட மைதானத்தையே வாடகைக்கு விட்டிருந்தார். வாடகை வாங்கிக்கிட்டு மேல உக்காந்து கிப்சன் அடிக்கிறதைப் பார்த்திருக்கார். ஒரு தடவை கிப்சனையும் அவர்கூட ஆடுன பக் லெனார்டையும் கூப்பிட்டு விசாரிச்சதா லெனார்டே பின்னாடி சொல்லியிருக்கார். கையெழுத்து மட்டும் வாங்கலை. அவர் டீமோ முக்காவாசி வருஷம் தோக்குது. வலையில தானா வந்து விழுந்த மீனைத் தூக்கிக் கடல்ல எறிஞ்ச மனுஷன். நான் எறிய மாட்டேன், அவ்வளவுதான் என் கட்சி.

கிப்சனைத் தொட்டா நான் வாஷிங்டனை வித்துட்டுப் போயிடுவேன்.


தேவிபட்டினம்டீச்சர்:

விடைத்தாள் திருத்துற வேலை முடிஞ்சு இப்போதான் உக்காந்தேன். ரெண்டு பேரும் சத்தமா ஒரே தப்பைப் பண்றீங்க. நடந்தது எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டு கட்டுறீங்க.

கிரிஃபித் கையெழுத்து வாங்காதது ஒரு ஆள் எடுத்த முடிவு. வேற மாதிரி எடுத்திருக்கலாம். 1919 டிசம்பர்ல பாஸ்டன் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு வித்ததும் அப்படித்தான். மேனேஜர் கேம்னாலே முடிவு எடுக்குற கேம், அந்த இடத்துல நம்மளைக் கட்டிப்போட்டா பார்க்கத்தான் முடியும், ஆட முடியாது. நிஜமா நடந்த டிரேடு, நிஜமா இறங்குன வரிசை எல்லாத்தையும் அப்படியே ஓட்டுற வசதி இருக்கு, காக்கா ஒரு தடவை ஓட்டிக் காமிச்சார். ரெண்டு மணி நேரத்துல எனக்குத் தூக்கம் வந்துடுச்சு.

கெரிக் நோய் யாரும் எடுத்த முடிவு இல்லை. அதை மாத்த ஒரு மேனேஜர் என்ன பண்ணியிருக்க முடியும்? ஒண்ணும் முடியாது. அதனாலதான் நான் கேக்கலை, மரியாதைக்கு இல்லை காக்கா. நேரா சொல்லிடறேன்.

அந்தந்தக் காலத்துல எவ்வளவு அடிச்சாங்கன்ற கணக்கையும் விடக் கூடாதுன்றது என் கட்சி. முந்தின லீக்ல நீங்க மூணு பேரும் அதைத் திறந்துவிட்டு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? 1911-ல அமெரிக்கன் லீக்ல அதிக ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டி அடிக்கிறது) ஃபிராங்க் பேக்கர், மொத்தமே 11. அந்த வருஷ இறுதிப் போட்டித் தொடர்ல ரெண்டு ஹோம் ரன் அடிச்சதுக்கே அவருக்கு "ஹோம் ரன்" பேக்கர்னு பேர் வந்துச்சு. 1920-ல ரூத் ஒருத்தரே 54. அப்படிப்பட்ட 1911-ல உங்க கிளீவ்லாண்ட்ல ஒரு பொடியன் 38 அடிச்சான். அன்னிக்கே எனக்கு விட்டுப்போச்சு. லீக் மொத்தத்தை அந்த வருஷத்தோட கட்டி வெச்சுட்டு அதுக்குள்ள என்ன வேணா பண்ணுங்க.

அப்போ கிப்சன்? கையெழுத்து விஷயத்துல மாப்ள சொல்றது சரி. சாவு விஷயத்துல காக்கா சொல்றது சரின்னு எழுதத்தான் வந்தேன். எழுத வந்தப்போ ஒண்ணு இடிச்சுது. ஐஸ்கணக்கு, நீங்க கிப்சனைக் கையால செஞ்சேன்னு ஒரே வரியில தாண்டிட்டீங்க. எந்த எண்ணைப் போட்டீங்க?

ஏன் கேக்குறேன்னா, 2020 டிசம்பர்லதான் நீக்ரோ லீக்ஸையும் பெரிய லீக்னு ஒத்துக்கிட்டாங்க, 1920-லிருந்து 1948 வரைக்கும். 2024 மே மாசம்தான் அந்தக் கணக்கை மொத்தப் பதிவேட்டுல சேர்த்தாங்க. அதுக்கு முதல் நாள் வரைக்கும் வாழ்நாள் சராசரியில முதல் ஆள் டை காப், .367. மறுநாள் ஜோஷ் கிப்சன், .372. ஒரு சீசன்ல அதிகம்னா அதுவும் அவர்தான், 1943-ல .466. செத்து 77 வருஷம் கழிச்சு மனுஷன் முதல் இடத்துக்கு வந்திருக்கார். 2023-ல நீங்க "வரலாறு அப்படியே"ன்னு லீக் தொடங்கியிருந்தா எது அப்படியே?


ஐஸ்கணக்கு:

டீச்சர், நல்லா மாட்டிவிட்டீங்க. சொல்றேன்.

முதல்ல .372-ஐ வெச்சு அப்படியே போட்டேன். பெறவு தயக்கம். அவங்க லீக்ல கணக்குல வந்த ஆட்டம் சீசனுக்கு அறுபது, எழுபதுதான் தேறும். மிச்சமெல்லாம் பஸ்ஸுல ஊர் ஊராப் போய் காசுக்கு ஆடுனது, பல ஆட்டத்துக்கு ஸ்கோர் சீட்டே கிடையாது. பதிவுல இருக்குற ஹோம் ரன் இருநூறைத் தொடலை. ஹால் ஆஃப் ஃபேம்ல 1972-ல வெச்ச பலகையில கிட்டத்தட்ட 800-னு பொறிச்சிருக்கு. எதை எடுக்க?

இதுக்கு எனக்கு ஐஸ் பிளான்ட்தான் வழி காட்டுச்சு. நம்ம கரையில டோக்கன் வாங்குற விசைப்படகுக்கு எல்லாக் கணக்கும் உண்டு. எத்தனை போட்டு போச்சு, எப்போ வந்துச்சு, எல்லாம் நோட்டுல ஏறும். வத்தை, வல்லம்னு நாட்டுப்படகுக்கு அப்படி இல்லை. விடியக்காலம் கரையிலயே கூறு போட்டு ஏலம் விட்டு, எட்டு மணிக்கு வலையை உதறிக்கிட்டு இருப்பாங்க. எங்க நோட்டுலயும் "சில்லறை" அப்படின்னு ஒரே வரி. ஆனா எனக்குத் தெரியும். உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து கேனைத் தூக்கி, சாதாத் தண்ணியில முக்கி எடுத்தா பார் வழுக்கிக்கிட்டு வெளியே வரும். அன்னிக்கு அப்படி எத்தனை கேன் தூக்குனோம்றதை வெச்சே எவன் எவனுக்குப் பாடுன்னு சொல்லிடுவேன். போன வாரம் ஒரு வல்லக்காரர் பத்து நிமிஷத்துல ரெண்டு தடவை ஐஸுக்கு ஆள் அனுப்புனார். நோட்டுல அது ரெண்டு சில்லறை. கரையில அது பெட்டி பெட்டியா சீலா.

அப்படித்தான் கிப்சனையும் பார்த்தேன். அவர் அடிச்சதை எழுதி வைக்காத இடத்துல, அவரைப் பார்த்து மத்தவங்க என்ன பண்ணுனாங்கன்னு பார்த்தேன். கிரிஃபித் மைதானத்துல இடது பக்கச் சுவர் நானூறு அடிக்கு மேல. அதைத் தாண்டுறதுக்கு ஆள் கிடையாதுன்ற இடத்துல இவர் தாண்டுனதைப் பேசியிருக்காங்க. பவருக்கு முழு மார்க் போட்டேன். சராசரிக்கு .372-ஐவிடக் கொஞ்சம் இறக்கி வெச்சேன், பெரிய லீக் சீசன் மாதிரி 154 ஆட்டம் பந்து பிடிக்கிற கேட்ச்சரா குத்தவெச்சு உக்காந்தா முட்டி என்னாகும்னு யோசிச்சு. கை தானா இறக்குச்சா, பயந்து இறக்குனேனான்னு கேட்டா பதில் கிடையாது.

அப்புறம்தான் ஒண்ணு கவனிச்சேன். 1943 ஜனவரியிலயே அந்த மனுஷன் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்திருக்கார். மூளையில கட்டின்னாங்க, ஆபரேஷன் வேணாம்னுட்டார். அந்த வருஷம்தான் .466. நான் செஞ்ச கிப்சனுக்குத் தலைவலியே கிடையாது டீச்சர். காயம்படுற தன்மைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல "சாதாரணம்"னு வெச்சுட்டு வந்துட்டேன். ஆறு வருஷமா மாப்ள ஆடிக்கிட்டிருக்கிறது நிஜக் கிப்சனைவிட சௌகரியமான கிப்சன்.


கீழக்கரைக்காக்கா:

இது எனக்குத் தெரியாது. அப்போ நீ கொடுக்க வேண்டியதுல பாதிதான் கொடுத்திருக்கே தம்பி. அவன் நோயைக் கழிச்சிட்டு அடியை மட்டும் குடுத்திருக்கே.

கேம்பனெல்லாவைப் பத்தி சும்மா விசாரிச்சேன் மாப்ள. விசாரிக்கிறது குத்தமா?


மண்டபம்மாப்ள:

குத்தம் இல்லை காக்கா, விலை சொன்னா தருவேன்.


ஐஸ்கணக்கு:

முடிவு பண்ணிட்டேன், கமிஷனர்ன்ற முறையில. பிடிக்காதவங்க பிளான்டுக்கு வந்து திட்டலாம், ஐஸ் தண்ணி தர்றேன்.

தேதி பார்த்து யாரையும் கையால எடுக்க மாட்டேன். பஞ்சாங்கம் பார்த்து ஆளைக் கொல்றது கணக்குப்பிள்ளை வேலை இல்லை. அதேசமயம் சௌகரியமான கிப்சனும் கிடையாது. காயம்படுற தன்மையை இருக்குறதுலயே மோசமான இடத்துக்கு இறக்கிட்டேன். பெய்ஜுக்கும் சேர்த்து ஒரு தடவை சரிபார்த்தேன், என் டீம்னு விடலை. இனி கையால யாரைச் செஞ்சாலும் நாலு பேரும் எண்ணைப் பார்த்து ஒத்துக்கணும். வில்லியம்ஸுக்குக் கொரியா வரும்போது காக்கா சொல்றதுதான் முடிவு, வேற யாரும் பேசக் கூடாது. லீக் மொத்தம் டீச்சர் சொன்னபடி அந்தந்த வருஷத்தோட கட்டு.

ஜனவரி 20-ஐத் தாண்டிட்டேன். கிப்சன் இருக்கார். இன்னிக்கு ராத்திரி 1947 சீசனை ஓட்டுறேன்.


ஐஸ்கணக்கு (மூணு நாள் கழிச்சு):

ஓட்டியாச்சு. கிப்சன் தொடக்க ஆட்டத்துல ரெண்டு ஹிட். மே மாசக் கடைசியில முதுகு. ஜூலையில திரும்ப வந்து பன்னெண்டு ஆட்டம், மறுபடி முதுகு. மொத்தம் 49 ஆட்டம், .231, ஹோம் ரன் நாலு. சீசன் முடிஞ்சதும் கேமே ஓய்வுன்னு அறிவிச்சுடுச்சு. வாஷிங்டன் எட்டு டீம்ல ஏழாவது.


மண்டபம்மாப்ள:

இதுக்கு நீங்க ஜனவரியிலயே எடுத்திருக்கலாம். நாலாவது இடத்துல இருந்தேன்யா போன வருஷம்.


தேவிபட்டினம்டீச்சர்:

இப்போதான் எடுத்துப் பார்த்தேன். நிஜத்துலயும் 1946-ல வாஷிங்டன் நாலாவது. 1947-ல ஏழாவது.


கீழக்கரைக்காக்கா:

மாப்ள, கேம்பனெல்லா என்ன விலை?